மாற்றியமைத்த மோட்டாரின் மதிப்பு

மாட்டுச் சந்தைக்குச் செல்லும் உழவர், கொம்பில் பூசிய வண்ணத்துக்கு விலை பேசுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார். வண்ணத்துக்கு ஆன செலவு பூசியவரோடு நின்றுவிடும். மோட்டார் கார் கைமாறும் இடத்திலும் இதே நியாயந்தான் வழங்குகிறது என்று சொல்லிவிடலாமா? இன்று பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் என்றும் அப்படி இருந்ததில்லை. ஆலையிலிருந்து வந்த வண்டியில் உரிமையாளர் செய்யும் மாற்றம் ஒரு காலத்தில் அதன் விலையை உயர்த்தியது. பிறிதொரு காலத்தில் தாழ்த்தியது. காரணம் என்ன என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்போம்.

அமெரிக்காவில் 1908ஆம் ஆண்டு ஹென்றி ஃபோர்டு தம் 'டி' மாதிரிக் காரை வெளியிட்டார். 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் அம்மாதிரியில் வெளிவந்தன. அக்காரை உழவு இயந்திரமாகவும் சரக்கு வண்டியாகவும் மாற்றிக்கொள்ள உதவும் கருவித் தொகுதிகளைப் பிறர் செய்து விற்றனர். உரிமையாளர் வண்டியை மாற்றும் வழக்கம் மோட்டார் தொழிலோடு ஒட்டிப் பிறந்தது என்பது இதனால் விளங்கும். 1926இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கெல்லி என்னும் வணிகர், பழைய கார்களுக்கு 'நீலப் புத்தகம்' என்ற விலைப் பட்டியலை வெளியிட்டார். ஒரு பட்டியல் பல்லாயிரம் வண்டிகளுக்குப் பொதுவாக விலை கூற வேண்டுமானால், அவை ஆலையிலிருந்து வந்த வடிவில் இருத்தல் வேண்டும். வடிவு மாறிய வண்டிக்கோ பட்டியல் இல்லை, பேரந்தான் உண்டு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இரண்டாம் உலகப்போரின்போது, 1941இல், பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. மறு ஆண்டு பர்மாவும் அதன் எண்ணெய்க் கிணறுகளும் ஜப்பானியர் கைக்குப் போயின. சென்னை மாகாணத்துப் பேருந்துகளிலும் கார்களிலும் கரிவாயு உலைகளைப் பொருத்தினார்கள். உலையில் விறகுக்கரி கனலும். அதில் எழும் வாயு எஞ்சினை இயக்கும். அவ்வாறு ஓடும் வண்டியின் வலிமை வெகுவாகக் குறையும், மேட்டில் திணறும், சாம்பலும் தாரும் எஞ்சினுக்குள் புகுந்து தேய்மானத்தைப் பெருக்கும். ஆயினும், பெட்ரோல் இன்றிக் கொட்டகையில் நிற்கும் காரைவிடத் திணறியேனும் ஓடும் கார் மேலானதன்றோ? போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தபின் அந்த உலை வேண்டாத சுமையாயிற்று. மாற்றத்தின் மதிப்பு காலத்தின் தேவையைப் பொறுத்தது என்னும் முதற்பாடம் இது.

இரண்டாம் பாடத்தைத் தட்டுப்பாட்டுக் காலம் கற்பித்தது. 1953இல் சுங்கவரி ஆணையம், இந்நாட்டிலேயே கார் உற்பத்தி செய்யும் திட்டம் உடையோருக்கே இத்தொழிலில் இடம் தருமாறு பரிந்துரைத்தது. உதிரிகளைக் கொணர்ந்து பூட்டி விற்ற ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. பின்னர் மக்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் மூன்று வகைக் கார்களே: உத்தரபாராவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஸ்டாண்டர்டு. புதுக் காருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே ஓடும் நிலையிலுள்ள பழைய காருக்குப் பெரும் மதிப்பு இருந்தது.

1973இல் உலக எண்ணெய் நெருக்கடி தோன்றிப் பெட்ரோல் விலை ஏறியது. டீசலோ மலிவாக இருந்தது. அம்பாசடரின் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, மெட்டடார் வேன் போன்றவற்றின் டீசல் எஞ்சினைப் பொருத்தும் தொழில் பட்டறைகளில் வளர்ந்தது. வாடகைக்கார் ஓட்டுவோர் இத்தகைய வண்டியை விரும்பி வாங்கினர். நாள்தோறும் எரிபொருளில் மிச்சமாகும் பணம் கண்முன் தெரிந்தது. பழுதானால் சீராக்கும் மெக்கானிக் அருகிலேயே இருந்தார். புது வண்டியோ எளிதில் கிடைக்கவில்லை. இம்மூன்று காரணங்களால் மாற்றம் விலையைக் குறைக்கவில்லை. பல வேளைகளில் கூட்டவும் செய்தது.

காலம் திரும்பியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1993இல் கார்த் தொழிலுக்கு உரிமம் பெறும் கட்டுப்பாடு நீங்கியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் கார் உருவாகத் தொடங்கியது. தட்டுப்பாடு தீர்ந்தது, வாங்குபவருக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் வந்தது. தேர்ந்தெடுப்பவர் முதலில் தேடுவது ஐயமின்மை. பட்டறையில் மாறிய எஞ்சினைக் கண்டால், "பழைய எஞ்சினுக்கு என்ன நேர்ந்தது? விபத்தா?" என்று அவர் மனம் கேட்கும். பெரிய சக்கரம், பேரொலி எழுப்பும் புகைக்குழல், தாழ்த்திய வில் ஆகியவற்றைக் கண்டால், "இவ்வண்டியை எவ்வளவு முரட்டுத்தனமாக ஓட்டினார்களோ!" என்று எண்ணும். அந்த ஐயந்தான் விலையைக் குறைக்கிறது. சமையல் எரிவாயு உருளையை வேன்களில் திருட்டுத்தனமாகப் பொருத்திய கொடிய வழக்கமும் இருந்தது. அதனால் ஆபத்துக்குள்ளாவது விலை மட்டுமன்று, உயிரும் ஆகும்.

சட்டமும் இறுகியது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு 2000ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் வேறுபடும்படி எவரும் வண்டியை மாற்றலாகாது என்பது அதன் கருத்து. 2019 சனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தம், முறையற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதித்தது. எல்லா மாற்றமும் குற்றம் என்று எண்ணவேண்டா. அங்கீகாரம் பெற்ற எரிவாயுக் கருவியைப் பொருத்துவதற்கும், உடற்குறை உடையோர் ஓட்டுவதற்கேற்ப வண்டியை அமைப்பதற்கும் சட்டமே வழி வைத்திருக்கிறது. ஒப்புதல் பெறவேண்டும், சான்றில் பதியவேண்டும். அவ்வளவே.

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தார்க்கு இது ஏட்டுச் செய்தியன்று. 1980இல் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். நிறுவனமும் ஓசூரில் ஆலைகளைத் தொடங்கிய காலமுதல், கல்லாவி, ஊத்தங்கரைப் பக்கத்து இளைஞர் பலர் வேலை தேடிச் செல்லும் திசை அதுவாயிற்று. சம்பாதித்த பணத்தில் வாங்கும் முதற் காரோ பெரும்பாலும் பழைய கார். ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம்; பெங்களூரில் பழைய கார்ச் சந்தை பெரிது. அங்கே வாங்கிய காரைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால், தடையின்மைச் சான்று பெற்று, தமிழ்நாட்டில் வரி செலுத்தி, புதுப் பதிவெண் வாங்கவேண்டும். அப்பொழுது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அடிச்சட்ட எண், எஞ்சின் எண், நிறம் முதலியவற்றைச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வெள்ளை என்று சான்றில் இருக்கக் கறுப்பாக நிற்கும் காரின் கதி என்ன? முன்னவர் ஆசைப்பட்டுச் செய்த மாற்றத்தைப் பின்னவர் தம் பணத்தைச் செலவிட்டு நீக்கவேண்டும். அச்செலவை முன்பே கணக்கிடத் தெரிந்தவர் விலையில் கழித்துத்தான் கேட்பார். கணக்கிடத் தெரியாதவரோ ஏமாந்து நிற்பார்.

காப்பீட்டுக் கணக்கும் இதையே கூறுகிறது. வண்டியின் காப்பீட்டு மதிப்பை ஆலை விலையிலிருந்து தேய்மானம் கழித்துக் கணிப்பது வழக்கம்; ஐந்தாம் ஆண்டில் கழிவு 50 விழுக்காடு. ஆலை விலை ரூ. 8,00,000 ஆயின் அப்பொழுது மதிப்பு ரூ. 4,00,000. உரிமையாளர் ஒரு லட்சம் செலவிட்டு அழகு செய்திருந்தாலும், தனியே அறிவித்துக் கட்டணம் செலுத்தாவிடில் அத்தொகை கணக்கில் சேராது. அறிவிக்காமல் எஞ்சினையே மாற்றியிருந்தால், விபத்துக்குப் பின் இழப்பீட்டுக்கே இடையூறு நேரலாம்.

2021ஆம் ஆண்டு மைய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதி வகுத்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகவும், அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெருமாறுதல் இன்றி மூல வடிவில் காக்கப்பட்டதாகவும் இருக்கும் வண்டிக்கே அந்தத் தகுதி உண்டு. 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரின் நிலையை எண்ணிப் பாருங்கள். வாழ்வதற்காக எஞ்சினை மாற்றிக்கொண்ட வண்டி அன்று மதிப்புப் பெற்றது. மாறாமல் பிழைத்த வண்டி இன்று மதிப்புப் பெறுகிறது.

மாணவர்களே, இவ்வரலாற்றின் சாரம் ஒன்றே. மாற்றத்தின் விலையை அதற்குச் செலவிட்டவர் நிர்ணயிப்பதில்லை. அடுத்து வாங்குபவரின் தேவையும் நம்பிக்கையுமே நிர்ணயிக்கின்றன. தேவை காலத்தோடு மாறும். நம்பிக்கையோ, செய்ததை மறைக்காமல் பதிந்துவைப்பவரிடம் நிலைக்கும். வண்டி வாங்கும் வயது உங்களுக்கு வரும்போது வண்ணத்தைப் பின்னர்ப் பாருங்கள். பதிவுச் சான்றை முதலில் படியுங்கள். எதையேனும் மாற்ற விரும்பினால் ஒப்புதல் பெற்று மாற்றுங்கள். கழற்றிய மூல உறுப்புகளைப் பத்திரப்படுத்துங்கள். விற்கும் நாளில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உங்களுக்குப் பின் அவ்வண்டியில் ஏறப்போவது முகமறியா ஒருவரின் குடும்பம் என்பதை மறவாதீர்கள்.