ஓர் ஏக்கரில் எத்தனை பேர்?



அண்மையில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பரப்பளவுக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அந்நிலத்தில் நான்கு மடங்கு தளப்பரப்புக்கு அனுமதி கிடைத்தால் 174,240 சதுர அடி கட்டலாம். "நிலம் அப்படியேதானே இருக்கிறது, ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அனுமதிக் கடிதத்திலுள்ள ஓர் எண் மாறினால் அதே நிலத்தின் விலை பன்மடங்காகிவிடுகிறது. நகரத் திட்டமிடுவோர் இவ்விகிதத்தை 'நிஸ்பா பிளோட்' என்றும், ஏக்கருக்கு இத்தனை பேர் என்னும் கணக்கை அடர்த்தி என்றும் குறிப்பிடுவர். கூடுதலாகக் கட்ட விரும்பும் மேம்பாட்டாளரிடம் ஈடாக மலிவு விலை வீடோ பூங்காவோ சாலையோ பெறுவது உலகெங்கும் உள்ள வழக்கம். அந்தப் பேரத்தில் தோட்டத்து மக்களுக்கு என்ன இடம் இருந்தது என்பதே நெடுநாளாக என்னை உறுத்தும் வினா.

1950-களில் அந்நிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கியபோது, அவை துண்டு துண்டாக்கப்பட்டுப் பலர் கைக்கு மாறின. தொழிலாளர்கள் வேலையையும் லயத்து வீட்டையும் ஒருசேர இழந்தனர். இதைக் கண்டே துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் 1961-இல் வாங்கப்பட்ட முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம். பால்மரம் வெட்டியவனே நிலத்தின் பங்காளியான அச்செய்தியை நம் பிள்ளைகளுக்கு நாம் போதிய அளவு சொல்வதில்லை.

பங்காளியாகாதவர்களின் கதை வேறு. பீடோங் அருகே நான் பிறந்த தோட்டம் நான் இடைநிலைப்பள்ளியில் பயின்ற காலத்தில் கைமாறியது. லயத்தைக் காலி செய்யும்படி வந்த கடிதமே எங்களுக்குக் கிடைத்த முதல் தகவல். அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாளும் வழக்கம்போல் பால்வெட்டச் சென்றார். இன்று அங்கே இரட்டை மாடி வரிசை வீடுகள் நிற்கின்றன.

கெடாவில் உயர்ந்த அடுக்ககங்கள் குறைவு. இங்குப் பெரிய பேரம் நில வகை மாற்றத்தில் நடக்கிறது. 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின்படி விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டமோ, உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் அண்டை நிலத்தின் உரிமையாளருக்கு ஆட்சேபிக்கும் உரிமையைத் தருகிறது. உரிமையாளருக்கு! மூன்று தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தவர் உரிமையாளர் அல்லர். தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் நிற்கும் பகுதி உதவிபெறும் தமிழ்ப்பள்ளியும் அவ்வாறே.

அடர்த்திப் பேரத்தின் முழு வடிவத்தைக் காணக் கோலாலம்பூரின் புக்கிட் கியாராவுக்குச் செல்லவேண்டும். அங்கிருந்த ரப்பர்த் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபின், தொழிலாளர் குடும்பங்கள் 1982-இல் தற்காலிக நீண்ட வீடுகளில் குடியேற்றப்பட்டன. நிரந்தர வீடு பிறகு வரும் என்பது வாக்குறுதி. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து வந்த திட்டம் என்ன? ஏறத்தாழ 25 ஏக்கர் ரிம்பா கியாரா பூங்காவில் 12 ஏக்கரை எடுத்து, 42 முதல் 54 மாடிவரை எட்டு ஆடம்பர அடுக்ககங்களும், 350 வீடுகள் கொண்ட ஒரு 29 மாடிக் கட்டடமும் எழுப்புவது. தோட்டத்து மக்களுக்கு வீடு தருகிறோம் என்பதே இத்தனை மாடிகளுக்கும் கூறப்பட்ட காரணம். ஏறக்குறைய நூறு குடும்பங்களின் ஏழ்மை எட்டுக் கோபுரங்களுக்கு அடித்தளமாயிற்று!

அக்கம்பக்கத்தார் வழக்குத் தொடுத்தனர். 2017-இல் வழங்கப்பட்ட மேம்பாட்டு அனுமதியை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் ரத்து செய்தது. கூட்டரசு நீதிமன்றம் 18 ஏப்ரல் 2023-இல் அதை உறுதிப்படுத்தியது. தானே வகுத்த கட்டமைப்புத் திட்டத்திலிருந்து மாநகராட்சி தக்க காரணமின்றி விலக முடியாது என்றது தீர்ப்பு. நிலத்தைப் பெற்ற அறவாரியத்தின் பொறுப்பாளர் குழுவில் மாநகரத் தலைவரே அமர்ந்திருந்ததையும் அது சுட்டிக்காட்டியது. பூங்கா தப்பியது. நீண்ட வீட்டு மக்களின் நாற்பதாண்டுக் காத்திருப்போ அன்றும் முடியவில்லை. இத்தீர்ப்பை எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சி பாதிதான்.

ஒன்று மட்டும் குறிப்பிட விரும்புகிறேன். உள்ளூர்த் திட்டத்தின் நகல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது குறைந்தது நான்கு வாரக் காலத்திற்கு எவரும் ஆட்சேபம் எழுதித் தரலாம். அதற்கு நிலப்பட்டா தேவையில்லை. நம் பள்ளி நிலம் வரைபடத்தில் எந்த நிறத்தில் தீட்டப்பட்டுள்ளது என்பதைக் காண, நானும் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரும் வரும் பள்ளி விடுமுறையில் நகராண்மைக் கழகத்திற்குச் செல்கிறோம். உடன்வர விரும்பும் பெற்றோர் தெரிவிக்கவும். வண்டியில் இன்னும் மூவருக்கு இடமுண்டு.