பீப்பாய்ப் பந்தயச் சேணம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ரோடியோ விழாக்களில், முக்கோணமாக நிறுத்திய மூன்று பீப்பாய்களைக் குதிரைமேல் சுற்றிவரும் பந்தயத்துக்கென்றே செய்யப்படும் இலேசான சேணம் இது. 1948-ஆம் ஆண்டில் டெக்சஸ் மாநிலத்துச் சான் ஆஞ்சலோ நகரில் 38 பெண்கள் கூடித் தங்களுக்கென ஒரு ரோடியோ சங்கத்தை நிறுவியது இப்பந்தயத்தின் சரித்திரத்தில் பிரதானமான சம்பவம். முதலிரு பீப்பாய்களுக்கு இடையே 90 அடியும், அவை ஒவ்வொன்றிலிருந்தும் மூன்றாவதற்கு 105 அடியும் கொண்டது பூரண அளவுள்ள களம். பீப்பாய் சாய்ந்தால் ஓட்ட நேரத்தோடு ஐந்து விநாடி கூட்டப்படும்.

முழு வேகத்தில் வரும் குதிரை, பின்னங்கால்களை வயிற்றடியில் கொணர்ந்து, ஏறக்குறைய உட்கார்ந்தாற்போல் தாழ்ந்து திரும்புகிற அந்தக் கணத்தை உத்தேசித்தே இச்சேணத்தின் அங்கங்கள் யாவும் வகுக்கப்பட்டிருக்கின்றன. கன்றுகளுக்குக் கயிறு வீசுவோரின் சேணத்தில், கயிற்றைச் சுற்றி இழுப்பதற்காகக் குட்டையாகவும் பருத்தும் இருக்கும் முன்கொம்பு, இங்கே ஒரு கைப்பிடியாக உயர்ந்து மெலிந்து நிற்கிறது. திருப்பத்தில் ஒரு கை லகானைப் பற்ற, மறு கை இக்கொம்பை ஊன்றி உடலை இருக்கையில் அழுத்திக்கொள்ளும். 1984 முதல் 1993 வரை இடைவிடாது பத்து உலகப் பட்டங்களை வென்ற சார்மேன் ஜேம்ஸ், 1985-இன் தேசிய இறுதிப் போட்டியில், தம் குதிரை ஸ்கேம்பரின் கடிவாளம் ஓட்டத்தின் நடுவே கழன்றுவிட்ட பின்னும் அச்சுற்றில் வெற்றி பெற்றார். குதிரையையும் சவாரிக்காரரையும் பிணைப்பது கடிவாளத்தைக் காட்டிலும் இருக்கையே என்பதற்கு இதைவிடப் பிரசித்தமான சாட்சி கிடையாது.

சவாரி செய்பவருக்குரிய பொருத்தம் எளிதில் அடங்கிவிடும். இருக்கையின் நீளத்தைக் கொம்பின் அடியிலுள்ள முன்மேட்டிலிருந்து பின்சாய்வின் தையல்வரை அங்குலத்தில் அளப்பது வழக்கம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 14 முதல் 16 அங்குலம் போதும். இருக்கை நீண்டிருந்தால், திருப்பம் முடிந்து குதிரை பாயும்போது உடல் பின்னுக்குச் சரியுமாதலால், மற்றச் சேணங்களைக் காட்டிலும் சற்றே இறுக்கமாக அமைவதை இப்பந்தயக்காரர்கள் விரும்புவர். அங்கவடிகள் தடையின்றி முன்னும் பின்னும் ஆடவேண்டும்.

குதிரையின் பொருத்தமோ கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் இருக்கிறது. தோலுக்குள் மறைந்திருக்கும் எலும்புக்கூடு போன்ற சட்டத்தை அந்நாட்டார் 'மரம்' என்றே வழங்குவர். முதுகெலும்பின் இருபுறமும் படிந்து பாரத்தைப் பரப்பும் அதன் பட்டைகள், முதுகின் சரிவுக்கு இசைந்திருக்க வேண்டும். குறுகிய முதுகும் திரண்ட தோளும் உடைய குவார்ட்டர் ஹார்ஸ் இனத்தின் பெயராலேயே 'முழு', 'அரை' என்று பட்டைகளின் அகலத்தைக் குறிப்பதுண்டு. ஆயினும் ஒரு பட்டறையின் 'முழு' மற்றொரு பட்டறையின் 'அரை'க்குச் சமமாயிருப்பதும் சகஜமாகையால், அளவுச்சீட்டில் எழுதியதை நம்பி வாங்குவது விவேகமன்று. விரிப்பு இல்லாமல் வெறுஞ்சேணத்தை முதுகில் வைத்து, பட்டையின் முன்முனைக்கும் தோளுக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்துக்கொண்டு, துணையாள் ஒருவரைக் குதிரையின் முன்னங்காலை முன்னே தூக்கச் செய்தால் விஷயம் விளங்கும்: கால் முன்னே போகத் தோள்பட்டை எலும்பு பின்னே சுழல்கிறது. கை நசுங்குமானால் ஒவ்வொரு பாய்ச்சலிலும் குதிரை நசுங்குகிறது. அவ்வாறே பட்டைகள் கடைசி விலா எலும்பைத் தாண்டி இடுப்பின்மேல் பாரத்தை ஏற்றலாகாது. இருக்கையைக் கைதேர்ந்த தொழிலாளி ஓரளவு திருத்தித் தருவார்; மரத்தைத் திருத்துவது அரிது. ஆகவே குதிரைக்கு முதலிடம் அளிப்பதே முறை.

சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் முதுகைப் பார்க்க வேண்டும். வியர்வையில் கறுத்த மயிரின் நடுவே, முதுகெலும்பின் நெடுகே உலர்ந்த கோடு ஓடுவது நல்லது. தோளருகே உள்ளங்கையளவு வறண்ட திட்டு இருப்பின், அங்கே மிகுந்த அழுத்தமோ, பட்டை தொடாத இடைவெளியோ உண்டு. அழுத்தம் நெடுநாள் நீடித்த இடத்தில் மயிர் வெண்மையாக முளைக்கும். கம்பளி விரிப்பைத் தடிப்பாக்கி இக்குறையை மறைக்க முயல்வது, இறுகிய செருப்புக்குள் இரண்டு காலுறை அணிவதை ஒக்கும்; விரிப்பு முக்கால் அங்குலமோ ஓர் அங்குலமோ இருந்தால் போதும். இளங்குதிரையின் தோள் பயிற்சியால் திரண்டுகொண்டே போவதால், இவ்வாண்டு பொருந்திய சேணத்தை மறு ஆண்டும் வெறுமுதுகில் வைத்துப் பார்ப்பார்கள்.