சொந்தப் பக்கங்கள்: ஒரு சரித்திரக் குறிப்பு

வலையின் சரித்திரம் என்று இன்று எழுதப்படுவது பெரும்பாலும் கம்பெனிகளின் சரித்திரமாகத்தான் இருக்கிறது. யார் யாரை வாங்கினார்கள், எத்தனை கோடிக்கு, யார் யாரை விழுங்கினார்கள். தமிழ்ப் பத்திரிகைச் சரித்திரம் என்றால் வாராந்தரிகளின் விற்பனைக் கணக்கு என்று நம்மிடையே ஒரு காலத்தில் நம்பப்பட்டதே, ஏறக்குறைய அதைப் போல. ராத்திரி பத்து மணிக்கு மேல், பிழைப்புக்கான வேலையெல்லாம் முடிந்த பிறகு, ஒரு காசும் எதிர்பாராமல் தன் பக்கத்தைத் தானே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு அந்தச் சரித்திரத்தில் இடமில்லை. நானும் அப்படி உட்கார்ந்தவன். எனவே இந்தக் குறிப்பில் நடுநிலைமையை யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆரம்பத்தில் விஷயம் வேறாக இருந்தது. 1989 மார்ச்சில், ஜெனிவாவை ஒட்டிய ஸெர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ தன் யோசனையை எழுதிக் கொடுத்தார். 1990 முடிவதற்குள் ஒரு நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில் அது இயங்கிவிட்டது. அவர் எழுதிய முதல் உலாவியில் பக்கத்தைப் படிக்கலாம், அதே ஜன்னலில் எழுதவும் செய்யலாம். இதைப் பலரும் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது மிக முக்கியமாகப் படுகிறது. படிக்கிறவனும் எழுதுகிறவனும் ஒரே ஆள் என்ற அனுமானம் அந்தக் கருவிக்குள்ளேயே இருந்திருக்கிறது. 1993 ஏப்ரல் 30ல் ஸெர்ன் இதை எவர் வேண்டுமானாலும் காசில்லாமல் உபயோகிக்கலாம் என்று எழுத்துமூலம் விட்டுக் கொடுத்தது. அதே வருஷம் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீஸனும் எரிக் பினாவும் செய்த மொஸைக் வெளிவந்தது. எழுத்துக்கு நடுவிலேயே படம் தெரிந்தது. உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் மொஸைக்கை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைப் பார்க்கலாம், எழுத முடியாது. வாசகன் ஒரு பக்கமும் எழுதுகிறவன் ஒரு பக்கமுமாகப் பிரிந்தது அங்கேதான் என்பது என் அபிப்பிராயம். கூட்டம் சேர்ந்ததும் அங்கேதான்.

ஒரு ஜன்னலை மட்டும் அவர்கள் மூடவில்லை. எந்தப் பக்கத்தையும் அதன் மூலத்தோடு திறந்து பார்த்துக்கொள்ளலாம். என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். கோணல் அடைப்புக்குறிக்குள் ஒரு கட்டளை, அதை முடிக்கச் சாய்கோட்டோடு அதே கட்டளை. முடிக்க மறந்தால், தலைப்புக்கு என்று கொடுத்த தடித்த எழுத்து கடைசி வரி வரைக்கும் தடித்துக்கொண்டே போகும். பிறர் பக்கத்தைப் பிரித்துப் பார்த்து, காப்பியடித்து, கெடுத்து, மறுபடி சரிசெய்து கற்றுக்கொண்டோம். முன்னொரு காலத்தில் அச்சுக்கூடத்தில் கம்பாஸிடரின் தோளுக்குப் பின்னால் நின்று, ஈய எழுத்தைத் தலைகீழாகப் படிக்கப் பழகிய சிறுபத்திரிகைக்காரர்களை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஸ்வார்த்மோர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஜஸ்டின் ஹால் 1994 ஜனவரியில் தன் பக்கத்தைத் தொடங்கி, தன் வாழ்க்கையையே அதில் கொட்ட ஆரம்பித்தார். அதில் இருந்த எழுத்தைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பில்லை. அனுமதி கேட்காமல் எழுதியது பற்றி உண்டு.

இடமில்லாதவர்களுக்கு இடம் கொடுக்க ஒரு வியாபாரமும் வந்தது. 1994ல் டேவிட் போனெட்டும் ஜான் ரெஸ்னரும் தொடங்கிய ஸ்தாபனம், அடுத்த வருஷம் ஜியோஸிட்டீஸ் என்று பெயர் வைத்துக்கொண்டது. பேட்டை பேட்டையாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் கதவிலக்கம் கொடுத்தார்கள். தத்துவமும் கல்வியும் பேசுகிறவனுக்கு ஏதென்ஸ், கலைக்காரனுக்கு ஸோஹோ, பறக்கும் தட்டுக்காரர்களுக்கு ஏரியா 51. ஓரிரு மெகாபைட்தான் இடம். அதற்குள் மினுங்கும் நட்சத்திரங்கள், 'கட்டுமானம் நடக்கிறது' என்று மண்வெட்டியோடு நிற்கும் பொம்மை, எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண்பலகை. ரஸனை உள்ளவர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்க வேண்டியதுதான், பெரும்பாலானவை சகிக்க முடியாதவை. ஆனால் சகிக்க முடியாமையிலும் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. பிற்பாடு வந்த அச்சில் வார்த்த பக்கங்களில் அந்த அசிங்கம் போயிற்று, கூடவே முகமும் போயிற்று.

1999 ஜனவரியில் யாஹூ அதை வாங்குவதாக அறிவித்தது. விலை முந்நூறு கோடி டாலருக்கும் மேல். அந்தக் கோடைகாலத்திலேயே, ஜனங்கள் எழுதி வைத்ததையெல்லாம் என்றென்றைக்கும் தாங்கள் உபயோகித்துக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்தைப் போட்டார்கள். குடியிருந்தவர்கள் தங்கள் பக்கங்களை நிறமிழக்கச் செய்து எதிர்ப்புக் காட்டவும் ஷரத்தை மாற்றினார்கள். 2009 அக்டோபர் கடைசியில் மொத்தத்தையும் மூடினார்கள். ஜப்பானியக் கிளை மட்டும் 2019 மார்ச் வரை உயிரோடு இருந்தது. மூடுவதற்கு முன் ஜேஸன் ஸ்காட்டும் அவரோடு சேர்ந்த 'ஆர்க்கைவ் டீம்' தன்னார்வலர்களும் இரவு பகலாக வாரிக் காப்பாற்றியதை 2010ல் பொதுவில் வைத்தார்கள். சுமார் 650 கிகாபைட். ஓலியா லியாலினாவும் டிராகன் எஸ்பென்ஷீடும் அந்தக் குவியலை இலக்கியப் பிரதிபோல் உட்கார்ந்து படித்தார்கள். தமிழில் அப்படி ஒரு சிரத்தையை நாம் எதன் மேல் காட்டியிருக்கிறோம் என்று கேட்டால் சங்கடமாக இருக்கும்.

தமிழன் சொந்தப் பக்கம் கட்டியபோது அவனுக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது: எழுத்தே இல்லை. கம்ப்யூட்டருக்கு அப்போது தெரிந்தது 256 அறைகள். முதல் பாதியில் ரோமன் எழுத்து. மீதியில் தமிழை எப்படி அடுக்குவது என்பது எழுத்துரு செய்தவரின் இஷ்டம். ஒருவருடைய 'க' இன்னொருவரிடம் 'மூ'. எனவே பக்கத்தின் நெற்றியிலேயே 'முதலில் இந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்' என்று எழுதி வைத்தோம். கவிதை படிக்க வந்தவன் முதலில் அச்சுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்! இந்த நிலைமையில்தான் சிங்கப்பூரில், தானே சிறுகதை எழுத்தாளரான நா. கோவிந்தசாமி 1995ல் அந்நாட்டின் நான்மொழிக் கவிதைத் தளத்தில் தமிழைக் கொண்டுவந்து வைத்தார். 1999ல் காலமானார். ஸ்விட்ஸர்லாந்தில் லோஸான் நகரில் ரசாயன ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கு. கல்யாணசுந்தரம், மயிலை என்ற எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழைய நூல்களை ஊர் ஊராக இருந்த தன்னார்வலர்களைக் கொண்டு தட்டெழுதவைத்தார். இரண்டு பேருக்கும் இது பிழைப்பு அல்ல. பல்கலைக்கழகங்களும் சர்க்காரும் கூட்டம் போட்டுத் தரம் பேச வந்தது அதற்குப் பின்னால். 1999 பிப்ரவரிச் சென்னை மாநாட்டைத் தொடர்ந்து டாப், டாம் என்று இரண்டு. ஏற்கனவே இணையத் தமிழர்கள் தமக்குள் பேசிப் பேசி உருவாக்கிய திஸ்கி ஒன்று. 1991லேயே யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கியிருந்த, ஆனால் அன்றைக்கு எந்த வீட்டு இயந்திரத்திலும் தெரியாத இடம் ஒன்று.

என் பக்கம் 2000ல் தொடங்கியது. எழுபதுகளில் எங்களோடு எழுதி, ஒரு தொகுப்புகூட வராமல் செத்துப்போன ஒரு நண்பனின் கவிதைகளைப் போட்டு வைப்பதற்காக. அச்சில் வந்தவை முப்பத்தாறு. கையெழுத்தில் மட்டும் இருந்தது ஒன்று. அந்தத் தாளை அவன் வீட்டில் உட்கார்ந்தே பார்த்துத் தட்டெழுதினேன், கொண்டுவரவில்லை. பிற்பாடு வீடு கைமாறியது, தாளும் போயிற்று. இலவச இடம் கொடுத்த நிறுவனம் (பெயர் வேண்டாம், இப்போது அதுவும் இல்லை) ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் காணாமல் போனது. ஃப்ளாப்பியில் பூசணம். வெளிநாட்டு நண்பர் ஒருவர் தம்முடைய வேறு ஜாதி கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருந்த பிரதி மட்டும் மிஞ்சியது.

நான் உபயோகித்தது திஸ்கிகூட அல்ல. தெரிந்தவர் செய்து கொடுத்த உள்ளூர் எழுத்துரு. அவரிடமும் இப்போது அது இல்லை. மிஞ்சிய பிரதியைத் திறந்தால் தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ரோமன் எழுத்துகள். அச்சில் வந்த கவிதைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தக் குறி எந்தத் தமிழெழுத்து என்று பட்டியல் போட்டேன். மூன்று மாசம். பழைய முறையில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் ஒற்றைக்கொம்பு முதலில், மெய் பிறகு. யூனிகோடில் மெய்தான் முதலில். அதை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட ஒரு சின்ன நிரலும் எழுதினேன். இந்த வயசில் இது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள்.

முப்பத்தாறும் திரும்பின. சிக்கல் மிச்சம் ஒன்றில். 128 முதல் 159 வரை உள்ள அறைகள் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகையில் அங்கிருப்பது கேள்விக்குறியாகிவிடக்கூடும். எழுத்துரு செய்தவர் ல, ழ, ள மூன்றையும் அங்கேதான் வைத்திருந்தார். பெரும்பாலான சொற்களில் இது பிரச்னையில்லை, சொல்லே சொல்லிவிடும். கடைசிக்கு முந்தைய வரியில் மட்டும் 'வ' இருக்கிறது, பிறகு கேள்விக்குறி, அதன் மேல் இகரக் கொக்கி, பிறகு 'யில்'. வழியில், வலியில், வளியில். மூன்றும் பொருந்துகின்றன. அவன் உயிரோடு இருந்தபோது அந்தக் கவிதையை எனக்கு ஒரு தரம் படித்துக் காட்டியிருக்கிறான். ஆனால் அவன் உச்சரிப்பில் இந்த மூன்றுக்கும் வித்தியாசம் கிடையாது. அதற்காக நாங்கள் அவனைக் கேலி செய்வதுண்டு.

தெரிந்த இரண்டு கவிஞர்களிடம் காட்டினேன். ஒருவர் 'வலியில்' என்றார். மற்றவர், அவன் அவ்வளவு சுலபமாக எழுதமாட்டான், 'வளியில்'தான் என்று சண்டைக்கு வந்தார். தட்டெழுதியவன் நான். எனக்கு ஞாபகமில்லை.

இப்போது வருஷத்துக்குக் கொஞ்சம் பணம் கட்டி, சொந்தப் பெயரில் இடம் வாங்கியிருக்கிறேன். மினுங்கும் நட்சத்திரம் இல்லை, எண்பலகை இல்லை; கையால் எழுதிய முப்பத்தேழு பக்கங்கள். முப்பத்தேழாவதில் அந்த இடத்தில் கேள்விக்குறியை அப்படியே விட்டிருக்கிறேன்.