செய்தியின் சொந்தக்காரர் யார்?



மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறோம். ஒரு குவளைத் தேநீருடன் அமர்ந்தவுடன் நம் கை எதைத் தேடுகிறது? கைத்தொலைபேசியைத்தான். புலனம் என்று நாம் சொல்லும் வாட்ஸ்அப்பில் என்ன வந்திருக்கிறது, முகநூலில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கிறோம்.

நம் தாத்தா பாட்டி காலத்து வழக்கம் வேறு. தோட்டத்துக்கு ஒரு பத்திரிகை வந்தால் அதுவே பெரிய காரியம். எழுத்தறிந்த ஒருவர் அதை உரக்கப் படிப்பார். பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். படித்து முடிந்ததும் விவரம் அறிந்த பெரியவர் ஒருவர், "இது யாருடைய பத்திரிகை, தம்பி?" என்று கேட்பார். எழுதியவர் யார் என்பதைவிட, எழுத வைத்தவர் யார் என்பதை அறிய அவர் விரும்பினார். இந்தக் கேள்வியை நாம் இன்று மறந்துவிட்டோம். இன்றைய உரையில் வரலாற்றைத் துணையாகக் கொண்டு அந்தக் கேள்வியை மீண்டும் எழுப்புவோம்.

மலாயாவில் தமிழ்ப் பத்திரிகைகள் பல தோன்றி மறைந்தன. அவற்றுள் நீண்ட காலம் நிலைத்தவை இரண்டு. ஒன்று, 1924ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய 'தமிழ் நேசன்'. மற்றொன்று, 1935ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தோன்றி, கோ. சாரங்கபாணி அவர்களால் வளர்க்கப்பட்ட 'தமிழ் முரசு'. நேசன் இந்திய விடுதலைச் செய்திகளை நமக்குக் கொண்டுவந்தது. முரசு சாதி வேற்றுமையைச் சாடி, சீர்திருத்தம் பேசியது. 1950களில் சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டியபோது, தோட்டத் தொழிலாளர்களும் தங்களால் இயன்ற சிறு தொகையைக் கொடுத்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைபெற அந்த இயக்கம் துணை நின்றது. ஒரு பத்திரிகையை நடத்துபவர் நல்ல நோக்கம் கொண்டவராக இருந்தால் எவ்வளவு நன்மை விளையும் என்பதற்கு இது சான்று.

பத்திரிகைக்காரர் ஒருவர் தொழிலாளர் பக்கம் நின்றபோது நடந்தது என்ன என்பதையும் வரலாறு சொல்கிறது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. கூலி உயர்வு மட்டும் அவர்கள் கேட்டதன்று. பிள்ளைகளுக்கு முறையான பள்ளி வேண்டும், பெண்களிடம் தவறாக நடக்கக் கூடாது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரை எதிரே வந்தால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். மனிதராக நடத்துங்கள் என்பதே அந்தக் கோரிக்கைகளின் சாரம். இந்தப் போராட்டத்தை வழிநடத்தியவர்களுள் முக்கியமானவர் ஆர்.எச். நாதன். அவர் தமிழ் நேசனில் துணையாசிரியராகப் பணியாற்றியவர். 1941 மே மாதத் தொடக்கத்தில் ஆங்கில அரசு அவரைக் கைது செய்து, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தியது. கைதைக் கண்டித்து எழுந்த தொழிலாளர்மீது படை ஏவப்பட்டது, உயிர்களும் பலியாயின. மக்களுடைய சொல்லுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை அன்றைய ஆட்சியாளர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அதனால்தான் அஞ்சினார்கள்.

இனி மற்றொரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். 1939ஆம் ஆண்டு யூசோப் இஸ்ஹாக் முதலானோர் 'உத்துசான் மெலாயு' என்ற மலாய்ப் பத்திரிகையைத் தொடங்கினர். சாதாரண மலாய் மக்கள் பங்குப் பணம் கொடுத்து வளர்த்த பத்திரிகை அது. நாளடைவில் அதன் பங்குகள் ஆளும் கட்சியின் கைக்குப் போயின. 1961ஆம் ஆண்டு, பத்திரிகையின் போக்கை மேற்பார்வையிடக் கட்சி தன் ஆளை அனுப்பியது. ஆசிரியர் சைட் சஹாரியும் உடன் உழைத்தவர்களும் அதை ஏற்க மறுத்து வேலைநிறுத்தம் செய்தனர். ஏறத்தாழ மூன்று மாதம் நீடித்த அந்தப் போராட்டம் தோல்வியில் முடிந்தது. பத்திரிகையின் பெயர் மாறவில்லை, அச்சுக்கூடமும் மாறவில்லை. வாங்கிப் படித்த மக்களும் அதே மக்கள்தாம். மாறியது உரிமை ஒன்றே. உரிமை மாறியதும் பேனாவின் போக்கும் மாறியது.

இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நம் கையிலுள்ள தொலைபேசிக்குத் திரும்புவோம்.

முகநூலை 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாணவராக இருந்த மார்க் சக்கர்பெர்க் தொடங்கினார். 2012இல் இன்ஸ்டாகிராமை ஏறக்குறைய 100 கோடி டாலருக்கு அவருடைய நிறுவனம் வாங்கியது. 2014இல் வாட்ஸ்அப்பை ஏறக்குறைய 1,900 கோடி டாலருக்கு வாங்கியது. 2021இல் நிறுவனத்தின் பெயர் மெட்டா என்று மாறியது. அவருடைய பங்குகளுக்குத் தனிச் சலுகை உண்டு. மற்றவருடைய ஒரு பங்குக்கு ஒரு வாக்கு, அவருடைய ஒரு பங்குக்குப் பத்து வாக்கு. ஆகவே பெரும்பான்மை வாக்கு அவர் ஒருவரிடமே இருக்கிறது. பங்குதாரர்கள் எத்தனை ஆயிரம் பேர் கூடினாலும் அவரை மீற முடியாது.

டுவிட்டரின் கதை உத்துசான் கதையை நினைவூட்டுகிறது. 2022 அக்டோபரில் ஈலோன் மஸ்க் என்ற பெருஞ்செல்வர் அதை 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். சில நாள்களுக்குள் ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரை வேலையிலிருந்து நீக்கினார். முன்பு விலக்கப்பட்டிருந்த பலரைத் திரும்ப அனுமதித்தார். 2023இல் அதன் பெயரையே 'எக்ஸ்' என்று மாற்றினார். 2024ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் டோனல்ட் டிரம்புக்கு ஆதரவாக 25 கோடி டாலருக்கு மேல் செலவிட்டார். தம்முடைய தளத்திலும் நாள்தோறும் அவருக்காக எழுதினார். ஊர்ப் பொதுமேடையை ஒருவரே வாங்கி, தாமே தலைமை தாங்கி, தாமே பேச்சாளராகவும் நிற்பது போன்றது இது.

"நம் குழுவில் நாம்தானே எழுதுகிறோம், முதலாளி வந்து எழுதுகிறாரா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரட்டுக்களத்தை நினைத்துப் பாருங்கள். நல்ல நிரை யாருக்கு, சரிவான நிரை யாருக்கு என்று கங்காணி பிரித்துக் கொடுப்பார். வேலை செய்வது நாம், பிரிப்பது அவர். முகநூலிலும் அப்படியே. எழுதுவது நாம். எந்தச் செய்தி முன்னே நிற்க வேண்டும், எது பின்னே போக வேண்டும் என்று பிரிப்பது முதலாளி அமைத்த கணினி விதி. இந்தக் கங்காணியை நாம் கண்ணால் காண்பதில்லை. நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு விளம்பர வருமானம் அவர்களுக்கு. கோபமும் அச்சமும் ஊட்டும் செய்தி நம் கண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. ஆகவே அத்தகைய செய்தி எளிதில் முன்வரிசைக்கு வந்துவிடுகிறது.

இதன் விளைவை நம்மைப் போன்றே தேயிலை மலைகள் நிறைந்த இலங்கையின் கண்டி மாவட்டம் கண்டது. 2018 மார்ச் மாதம் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அரசு அவசரநிலை அறிவித்து, முகநூலையும் வாட்ஸ்அப்பையும் சில நாள்கள் முடக்கி வைத்தது. சிங்களத்தில் பரவிய வெறுப்புச் செய்திகளைக் கண்டு நீக்க அந்நிறுவனத்திடம் போதிய ஆள்கள் இல்லை. 2020ஆம் ஆண்டு நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. எரிந்துபோன கடைக்காரருக்கு அந்த வருத்தத்தால் என்ன பயன்?

நம் தோட்டத்திலும் சிறிய அளவில் ஒன்று நடந்தது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, அரிசி லாரி இனி மலையேறாது என்று ஒரு குரல்பதிவு குழுக்களில் சுற்றியது. ஒரு தாய், மருந்துக்கு வைத்திருந்த பணத்தையும் சேர்த்து மூன்று மூட்டை அரிசி வாங்கினார். மறுவாரமே லாரி வழக்கம்போல் வந்தது. அரிசியில் வண்டு விழுந்தது. மருந்துக்குக் கடன் வாங்க வேண்டியதாயிற்று. அந்தக் குரல் யாருடையது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பதிவை அனுப்பியவர்களுள் ஆசிரியர்களாகிய நாங்களும் இருந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அதே மாதங்களில் அதே புலனத்தின் வழியாகத்தான் பிள்ளைகளுக்குப் பாடம் அனுப்பினோம். அலைவரிசை தேடி மேட்டில் ஏறி நின்ற பெற்றோரை மறக்க முடியாது. ஆகவே கருவியைத் தூக்கியெறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அது நம்முடைய வீடன்று, இன்னொருவர் வீட்டுத் திண்ணை என்பதை அறிந்து அமருங்கள் என்றே சொல்கிறோம். திண்ணைக்குரியவர் நினைத்தால் விதியை மாற்றலாம். 2025 ஜனவரியில் மெட்டா நிறுவனம், செய்திகளின் உண்மையைச் சரிபார்க்க அமெரிக்காவில் அமர்த்தியிருந்த வெளியாரின் பணியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. நம்மை ஒருவரும் கேட்கவில்லை.

அரசாங்கம் தலையிடலாமே என்றால், நம் நாட்டில் 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து, 80 இலட்சம் பேருக்கு மேல் பயன்படுத்தும் தளங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற விதி வந்துள்ளது. முதலாளிக்கும் கடிவாளம் வேண்டும் என்பது சரியே. ஆயினும் 1941இல் நாதனின் குரலை அடக்கியதும் ஓர் அரசுதான். கடிவாளம் பிடிக்கும் கையையும் மக்கள் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? ஒரு செய்தி வந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். இதை முதலில் சொன்னவர் யார்? இதை நான் நம்பினால் இலாபம் யாருக்கு? வேறு எங்காவது இதே செய்தி உறுதியாகியிருக்கிறதா? மூன்றுக்கும் பதில் கிடைக்கும் வரை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள்.

மற்றொன்றும் செய்யலாம். வாரத்தில் ஒரு மாலையாவது பிள்ளைகளை அருகில் அமர்த்தி, ஒரு செய்தியை அவர்களை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் அந்தப் பழைய பெரியவரைப் போல, "இது யாருடையது, கண்ணு?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள்.