வால்ட்சிங் மாடில்டாவின் மெட்டு: பியர்ஸின் ‘ஃபியூசிலியர்’ கொள்கைக்கு ஒரு மறுப்பு

‘வால்ட்சிங் மாடில்டா’ என்ற ஆஸ்திரேலியப் பாட்டு பற்றி எழுதப்பட்ட நூல்களுள் ஹாரி ஹேஸ்டிங்ஸ் பியர்ஸ் 1971இல் வெளியிட்ட நூல்தான் இன்றுவரை அதிகம் மேற்கோள் காட்டப்படாமலே அதிகம் நம்பப்படுவது. அந்தப் பாட்டின் மெட்டு ஆஸ்திரேலியாவில் பிறந்ததன்று. ‘தி போல்ட் ஃபியூசிலியர்’ என்ற பழைய இங்கிலாந்துப் படைப்பாட்டின் மெட்டே அது. கவிஞர் பேட்டர்சன் சொற்களும் கிறிஸ்டினா மக்ஃபர்சன் மெட்டும் தந்து அதை ஆக்கினார்கள் என்பது பின்னால் கட்டிய கதை. இதுதான் பியர்ஸ் சொன்னதன் சாரம். நூலைப் படித்திராதவர்கள்கூட ‘அது ஏதோ பழைய ராணுவப் பாட்டாமே’ என்று சொல்லும் அளவுக்கு இக்கருத்து பரவிவிட்டது. பியர்ஸின் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிட்னி மே என்ற ஆய்வாளர் 1944இல் வெளியிட்ட நூலுக்காகக் குயின்ஸ்லாந்து ஆட்களிடமிருந்து திரட்டிய வாய்மொழிச் செய்திகளைச் சந்தேகக் கண்ணோடு அணுகியவர் அவர். அந்தச் சந்தேகம் அப்போது தேவைப்பட்டது. அதிலிருந்து அவர் போய்ச் சேர்ந்த முடிவுதான் தவறு என்கிறது இக்கட்டுரை.

பியர்ஸின் வாதத்தில் வலுவான இடத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று உலகம் பாடும் மாடில்டா மெட்டையும் ஃபியூசிலியர் மெட்டையும் அடுத்தடுத்துப் பாடினால் இரண்டும் ஒன்றே என்று எவரும் சொல்லிவிடுவார்கள். பாட்டின் அமைப்பும் அப்படியே. கென்ட் பகுதியின் ராச்செஸ்டர் நகரத் தெரு வழியே ஒரு படைவீரன் நடந்து போகிறான். மார்ல்பரோ பிரபுவின் படையில் சேர யார் வருகிறீர்கள் என்று கூவி அழைக்கிறான். பல்லவி, ‘யார் வருகிறீர்கள்’ என்ற அழைப்பு, அழைப்பு திரும்பத் திரும்ப வரும் முறை எல்லாம் மாடில்டாவில் அச்சாக உள்ளன. மார்ல்பரோவின் போர்கள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தவை. மாடில்டா 1895இல் தோன்றியது. எனவே முந்தியது எது என்பதில் ஐயமே இல்லை என்கிறார் பியர்ஸ்.

இங்கே ஒரு தாவல் இருக்கிறது. பாட்டுக்குள் வரும் நிகழ்ச்சியின் காலம் பாட்டு எழுந்த காலம் ஆகாது. மார்ல்பரோவைப் பாடும் ஒரு பாட்டை மார்ல்பரோ இறந்து 200 ஆண்டுகள் கழித்தும் எழுதலாம். ஃபியூசிலியர் பாட்டுக்கு 18ஆம் நூற்றாண்டு அச்சுப் பிரதியோ கையெழுத்துப் பிரதியோ இதுவரை கிடைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நாட்டார் பாடல் தொகுப்புகளிலும் அது இடம்பெறவில்லை. கிடைப்பதெல்லாம் 20ஆம் நூற்றாண்டில் சிலர் தம் இளமையில் கேட்டதாக நினைவுகூர்ந்த சில அடிகள். இன்று மேடைகளில் முழுப்பாட்டாகப் பாடப்படுவது அந்த அடிகளைச் சுற்றிப் பின்னாளில் கட்டி நிரப்பியது. நினைவைச் சான்றாக ஏற்கக் கூடாது என்று சிட்னி மே மீது குற்றம் சுமத்தியவர், தம் கொள்கைக்கு மட்டும் நினைவையே அடித்தளமாக வைத்தது எப்படி என்று நான் கேட்கிறேன்.

ஆனால் சான்று இல்லை என்பது ஒன்று, பாட்டே இல்லை என்பது வேறு. ஃபியூசிலியர் பழைய பாட்டாகவே இருக்கட்டும். அப்படி வைத்துக்கொண்டாலும் பியர்ஸின் முடிவு நிற்காது என்பதற்கு மாடில்டாவின் மிகப் பழைய இசைப் பாடமே சாட்சி.

கிறிஸ்டினா கைப்பட எழுதியவையாகக் கருதப்படும் இரண்டு இசைப் படிகள் எஞ்சியுள்ளன. அவற்றில் ஒன்று பார்ட்லம்–ரூல்ஸ்டன் படி என்று ஆய்வாளர்களால் அழைக்கப்படுகிறது. இவற்றில் உள்ள மெட்டு இன்று நாம் கேட்கும் மெட்டன்று. உறவு தெரிகிறது, அவ்வளவே. குரல் ஏறும் இடமும் இறங்கும் இடமும் மாறியிருக்கின்றன. அது நெருங்கிச் செல்வது ஃபியூசிலியரை அல்ல, ‘க்ரெய்கிலீ’ என்ற அணிவகுப்பு மெட்டை. ராபர்ட் டான்னஹில் எழுதி ஜேம்ஸ் பார் இசையமைத்த ஸ்காட்லாந்துப் பாட்டு ஒன்றை, பாலராட் பேண்டு மாஸ்டர் தாமஸ் புல்ச், காட்ஃப்ரி பார்க்கர் என்ற புனைபெயரில் பேண்டு வாத்தியத்துக்கு மாற்றியமைத்தார். அதுவே க்ரெய்கிலீ. 1894 ஏப்ரலில் விக்டோரியாவின் வார்னம்பூல் குதிரைப் பந்தயத்தில் பேண்டு வாசிக்க அதைக் கேட்டதாகக் கிறிஸ்டினா பின்னாளில் எழுதினார்.

இப்போது மூன்று பாடங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள்: கிறிஸ்டினாவின் படி, 1903இல் மேரி கோவன் வெளியிட்ட இசைத்தாள், நினைவுகளிலிருந்து மீட்ட ஃபியூசிலியர். ஃபியூசிலியர்தான் மூலம் என்றால், காலத்தால் முந்திய கிறிஸ்டினா பாடம் மூலத்துக்கு மிக நெருக்கமாகவும், கோவன் பாடம் சற்று விலகியும் இருக்க வேண்டும். உண்மை நேர் எதிராக இருக்கிறது. முந்திய பாடம் ஃபியூசிலியரிலிருந்து விலகி நிற்கிறது. பிந்திய பாடம் அதோடு ஒட்டிக்கொள்கிறது. ஓர் ஆறு தன் ஊற்றுக்கு அருகே ஊற்று நீரின் சுவை இல்லாமலும், கடலருகே அந்தச் சுவையோடும் ஓடாது. பியர்ஸ் ஒப்பிட்டதெல்லாம் கோவன் மெட்டோடுதான். 1903இன் வடிவத்தைக் காட்டி 1895இன் பிறப்பை முடிவு செய்தது அவருடைய அடிப்படைப் பிழை.

இதற்கு ஒரு மறுப்பு எழும். கிறிஸ்டினாவின் படிகளில் தேதி இல்லை; அவை 1895இல் எழுதப்பட்டவை என்பதற்கு உறுதி என்ன? உறுதி இல்லைதான். ஆனால் இந்த மறுப்பைப் பியர்ஸ் பக்கம் நின்று எழுப்புவோர் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்கவில்லை. படி பிற்காலத்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது கோவன் மெட்டு ஆஸ்திரேலியாவின் எல்லா வீட்டுப் பியானோவிலும் ஒலித்துக்கொண்டிருந்த காலம். அந்தச் சூழலில் ஒருவர் நினைவிலிருந்து மாடில்டாவை எழுதினால் ஊரெல்லாம் தெரிந்த மெட்டையே எழுதுவார். ஊரறிந்த பாடத்தை விட்டு, யாரும் பாடாத வேறொரு பாடத்தை அவர் எழுதியிருக்கிறார் என்றால், கோவனுக்கு முந்திய ஒன்றை அவர் காதும் விரலும் பிடித்து வைத்திருந்தன என்பதே பொருள். படியின் தேதி எதுவாயினும் பாடத்தின் தேதி 1903க்கு முந்தியது.

அந்தப் படிகளில் ஒன்றில் இருக்கும் ஒரு திருத்தத்தை இன்னும் கூர்ந்து பார்க்க விரும்புகிறேன். பாட்டில் நாடோடித் தொழிலாளி விடுக்கும் அழைப்பு, ‘மாடில்டா’ என்ற பெயரே இல்லாமல், என்னோடு ஆஸ்திரேலியாவைச் சுற்ற யார் வருகிறீர்கள் என்ற கருத்தில் முதலில் எழுதப்பட்டிருக்கிறது. பின்பு அந்தச் சொற்கள் மாற்றப்பட்டு, இன்று பாட்டின் பெயராகிவிட்ட தொடர் ஏறியிருக்கிறது. பல்லவியின் முதல் அடியோ எழுதி முடிக்கும் முன்பே நிறுத்தித் திருத்தப்பட்டிருக்கிறது. பழைய பாட்டொன்றைப் படியெடுப்பவர் எழுத்துப் பிழையைத் திருத்துவார், விட்டுப்போன சொல்லைச் செருகுவார். பாட்டின் அடையாளமான அழைப்பையே நடு அடியில் நிறுத்தி மாற்றுவது பாட்டு இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். இரண்டு பாடங்களை அறிந்த ஒருவர் ஒன்றை எழுதத் தொடங்கி மற்றதற்கு மாறியிருக்கலாம் என்று ஒருவர் சொல்லக்கூடும். அதை நான் முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் அந்த விளக்கமும் பியர்ஸுக்கு உதவாது. இரு பாடங்கள் அருகருகே நடமாடின என்றாலே பாட்டு அப்போது இறுகிப்போகவில்லை என்றுதானே பொருள்?

கிறிஸ்டினாவின் கடிதமும் இதற்குத் துணை நிற்கிறது. ஆங்கில இசைஞர் தாமஸ் வுட்டுக்கு அவர் எழுதிய, தேதியில்லாத, 1930களின் முற்பகுதியைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் கடிதம் அது. தாம் இசை வல்லுநர் அல்ல என்றும், செவியில் விழுந்ததை வாசித்துக்கொண்டிருந்தபோது பேட்டர்சன் அது என்னவென்று கேட்டு அதற்குச் சொற்கள் எழுத முன்வந்தார் என்றும் அதில் சொல்கிறார். தம் சகோதரரும் பேட்டர்சனும் குதிரையில் போனபோது நீர்நிலை ஒன்றின் அருகே அப்போதுதான் கொல்லப்பட்ட ஆட்டின் தோலைக் கண்டார்கள் என்றும், நாடோடி ஒருவன் விட்டுச்சென்ற அந்த மிச்சத்தைப் பேட்டர்சன் பாட்டில் பயன்படுத்திக்கொண்டார் என்றும் குறிப்பிடுகிறார். புகழ் தேடும் ஒருவர் தம்மை இசை வல்லுநர் அல்ல என்று தொடங்க மாட்டார். பேட்டர்சனும் முதுமையில், மக்ஃபர்சன் வீட்டுப் பெண் ஸிதரில் வாசித்த ஸ்காட்லாந்து மெட்டுக்குத் தாம் சொற்கள் எழுதியதாகவே சொன்னார். க்ரெய்கிலீ ஸ்காட்லாந்துடையது, ஃபியூசிலியர் கென்ட்டின் தெருவில் நடப்பது.

பேட்டர்சனின் பதிப்பு வழக்கத்திலிருந்தும் ஒரு சான்று உண்டு. 1905இல் அவர் ‘ஓல்ட் புஷ் சாங்ஸ்’ என்ற பழம்பாடல் தொகுப்பை வெளியிட்டார். ஆசிரியர் தெரியாத பாடல்களுக்கென்றே அமைந்த நூல் அது. அதில் மாடில்டா இல்லை. 1917இல் தம் சொந்தக் கவிதைகளின் தொகுதியான ‘சால்ட்புஷ் பில் ஜே.பி.’யில் அதைச் சேர்த்தார். எது ஊர்ப் பாட்டு, எது தம் பாட்டு என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் கோவன் மெட்டு ஃபியூசிலியரை ஒத்திருப்பது ஏன்? இங்கே சான்று மெலிகிறது. ஜேம்ஸ் இங்கிலிஸ் தேயிலை நிறுவன மேலாளரின் மனைவி மேரி கோவன். இந்தியாவில் அவுரித் தோட்டக்காரராக இருந்து, பின் சிட்னியில் இந்தியத் தேயிலையை விற்ற இங்கிலிஸின் ‘பில்லி டீ’ விளம்பரத்துக்காக அந்த இசைத்தாள் அச்சானது. கொதிக்கும் பில்லி என்ற தேநீர்த் தகரக் கலம் பேட்டர்சன் பாடத்திலேயே இருக்கிறது. விளம்பரத்துக்காகச் செருகியது என்று சொல்வது சரியன்று. அந்த அடியை நீட்டிப் பல்லவிக்குள் திரும்பத் திரும்ப வரச் செய்ததுதான் கோவனின் வேலை. அதற்காகப் பல்லவியிலிருந்த நீர்ப்பை போய்விட்டது. பேட்டர்சனின் நாடோடி ஒன்றும் பேசாமல் நீரில் குதித்து மூழ்குகிறான். கோவனுடையவன் உயிரோடு பிடிபட மாட்டேன் என்று கத்திவிட்டுக் குதிக்கிறான். சொற்களில் இவ்வளவு துணிந்து கைவைத்தவர் மெட்டை மட்டும் தொடாமல் விட்டிருப்பார் என்று நம்ப எனக்குக் காரணம் இல்லை. எட்டு ஆண்டுகள் வாய்வழியே உலவிய மெட்டு அவரிடம் வந்தபோதே உருமாறியிருக்கவும் கூடும். போயர் போருக்குச் சென்ற ஆஸ்திரேலியப் படைவீரர்கள் மாடில்டாவைப் பாடி, அதைக் கேட்ட ஆங்கிலேய வீரர்கள் மார்ல்பரோவை ஏற்றிப் பகடியாக்கினார்கள் என்ற கருத்தும் உண்டு. அது உண்மையானால் பியர்ஸ் தாயையும் மகளையும் மாற்றிப் பார்த்துவிட்டார் என்று ஆகும். கோவன் உண்மையிலேயே ஃபியூசிலியரைக் கேட்டிருந்தார் என்றாலும் வியப்பில்லை. எந்தத் திசையில் மெட்டு பயணம் செய்தது என்பதை இன்றைய சான்றுகள் தீர்க்கவில்லை. அது 1903க்கான கேள்வி. 1895க்கான கேள்வி அன்று.

1895க்குள்ளும் எந்த மாதம் என்பது தீரவில்லை. ஏப்ரல் 6இல் நார்த் கிரிகரி ஹோட்டலில் பாட்டு முதலில் மேடையேறியதாகக் குயின்ஸ்லாந்தின் வின்டன் நகரம் கொண்டாடுகிறது. கிறிஸ்டினாவின் சகோதரர் நடத்திய டாக்வொர்த் பண்ணையில் பாட்டு உருவானது ஆகஸ்டில் என்று கொள்வோரும் உண்டு. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. 1894 செப்டம்பரில் டாக்வொர்த்தின் கம்பளிக் கொட்டகை எரிந்ததையும், கம்பளி கத்தரிப்போர் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டிருந்த சாமுவேல் ஹாஃப்மைஸ்டர் இறந்து கிடந்ததையும் பாட்டின் கரு என்று ரிச்சர்ட் மகோஃபின் வற்புறுத்தினார். பேட்டர்சன் பின்னாளில் அந்த நிகழ்ச்சிகளைக் குறிப்பிட்டது உண்மை. கிறிஸ்டினா சொல்வது ஆட்டுத் தோலை மட்டுமே. நேரில் இருந்தவரின் சிறு குறிப்பைவிட வரலாற்றின் பெரிய நிகழ்ச்சி கவர்ச்சியானதுதான். ஆனால் கவர்ச்சி சான்றாகாது.

1926இல் ஜான் காலின்சன் லண்டனில் பதித்த முதல் இசைத்தட்டு, 1938இல் பீட்டர் டாசன் பாடியது, 2000 சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில் ஸ்லிம் டஸ்டி கிட்டாரோடு அரங்கத்தையே பாடவைத்தது எல்லாம் கோவன் வழிவந்த பாடமே. குயின்ஸ்லாந்தின் புடெரிம் பக்கம் கிடைத்த வேறொரு பாடத்தை நாட்டார் இசைக்காரர்கள் மட்டும் காப்பாற்றி வருகிறார்கள். கிறிஸ்டினாவின் மெட்டை மேடையில் கேட்பதே அரிது.

1903 இசைத்தாள் கோவனை மெட்டை ஒழுங்குசெய்தவர் என்றுதான் குறிப்பிடுகிறது, இயற்றியவர் என்றல்ல. 1936இல் மணமாகாமலே இறந்த கிறிஸ்டினாவின் பெயர் அந்தத் தாளில் எங்கும் இல்லை. மாடில்டாவை இனி அச்சிடுவோரும் பதிவு செய்வோரும் மெட்டுக்கு உரியவர்களைக் குறிக்கும்போது ஜேம்ஸ் பார், கிறிஸ்டினா மக்ஃபர்சன், மேரி கோவன் என்ற வரிசையில் மூவர் பெயரையும் போட வேண்டும்.