என்ஜின் விடும் மூச்சு எங்கே போகிறது?

1947 செப்டம்பர் 11. வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகருக்கு அருகே, கடலில், 'ரெய்னா டெல் பசிபிகோ' என்ற கப்பல் சோதனை ஓட்டத்தில் இருந்தது. போர்க்காலத்தில் படைவீரர்களை ஏற்றிச் சென்ற அந்தக் கப்பலைச் செப்பனிட்டு, மீண்டும் பயணிகள் போக்குவரத்துக்கு ஆயத்தம் செய்திருந்தார்கள். அதில் நான்கு பெரிய டீசல் என்ஜின்கள். திடீரென்று என்ஜின் அறையில் வெடிப்பு ஏற்பட்டது. அங்கிருந்தவர்களில் 28 பேர் மாண்டனர். குண்டு எதுவும் இல்லை. எரிபொருள் தொட்டியும் வெடிக்கவில்லை. அளவுக்கு மீறிச் சூடேறிய ஒரு பிஸ்டன், என்ஜினின் அடிவயிற்றில் மிதந்துகொண்டிருந்த எண்ணெய் மூடுபனியைப் பற்ற வைத்துவிட்டது.

இந்த அடிவயிற்றுக்குக் கிராங்க் உறை என்று பெயர். நம் பட்டறைகளில் 'ஆயில் சேம்பர்' என்பார்களே, அதுவும் அதற்கு மேலே கிராங்க் தண்டு சுழலும் இடமும் சேர்ந்ததே அது. எண்ணெய் அங்கே அமைதியாகக் கிடப்பதில்லை. சுழலும் தண்டு அதை வீசியடிக்கிறது. சூட்டில் ஒரு பகுதி ஆவியாகி, மீண்டும் நுண்துளிகளாகக் குளிர்கிறது. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 50 மில்லிகிராம் எண்ணெய்த் துளிகள் மிதந்தாலே அது பற்றக்கூடிய கலவையாகிவிடும். பெல்பாஸ்ட் விபத்துக்குப் பின் கப்பல் என்ஜின்களின் உறைகளில், அழுத்தம் மீறினால் திறந்து மூடும் கதவுகளும் மூடுபனியை முன்கூட்டியே கண்டறியும் கருவிகளும் இடம்பெறலாயின.

சாலையில் ஓடும் சிறிய என்ஜின்களில் இத்தகைய வெடிப்பு மிக அரிது. ஆனால் அதே அடிவயிறு, அதே மூடுபனி அவற்றிலும் உண்டு. அதை வெளியேற்ற ஒரு குழாய் வேண்டும். மெக்கானிக்குகள் 'பிரீதர் பைப்' என்று அழைக்கும் இந்த மூச்சுக்குழாயின் ஒரு முனை என்ஜினில் இருக்கிறது. மறு முனையை எங்கே விடுவது என்பதுதான் நம் கட்டுரையின் கேள்வி.

வகுப்பில் கரும்பலகையில் நான் வரையும் பிஸ்டன் ஒருபோதும் கசிவதில்லை. உண்மையான பிஸ்டன் கசியும். வளையங்கள் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் அவற்றின் வாய்களில் நூலிடை இடைவெளி வேண்டும்; இல்லையேல் சூட்டில் விரிந்து இறுகிக்கொள்ளும். அந்த இடைவெளி வழியே அழுத்தமான வாயுக்கள் கீழே நழுவுகின்றன. அவற்றோடு நீராவியும் வருகிறது. ஒரு லிட்டர் எரிபொருள் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்பதை மாணவர்கள் வேதியியல் சமன்பாட்டை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அதில் ஒரு சிறு பகுதி உறைக்குள் போனாலும் எண்ணெய் கெடும்.

வாயுவுக்கு வழியில்லாமல் அடைத்துவிட்டால்? வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் உள்ளே கூடுகிறது என்று கொள்வோம். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு மூடியின் பரப்பு சுமார் 78 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் விழும் விசை ஏறக்குறைய 8 கிலோகிராம் எடைக்குச் சமம். எண்ணெய்க் கோல் துள்ளி வெளியே வரும், சீல்கள் ஒழுகும்.

பழைய கார்களில் இதற்குக் கண்ட வழி மிக எளிமையானது. உறையிலிருந்து ஒரு குழாயைக் கீழே இறக்கி, முனையைச் சாய்வாக வெட்டி, பின்னோக்கி விட்டார்கள். வண்டி ஓடும்போது முனையைக் கடந்து விரையும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைக்கிறது. உள்ளிருக்கும் புகை உறிஞ்சப்படுகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியில் இருந்த வலை வழியே புதுக்காற்று உள்ளே வந்தது. பெர்னூலி தத்துவத்துக்கு இதைவிட மலிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். குறை என்னவென்றால், வண்டி நின்றால் உறிஞ்சலும் நின்றுவிடும். இன்னொரு குறை இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. ஆற்றைக் கடக்கும் டாங்கியின் குழாய் முனை நீருக்குள் மூழ்கினால் உறைக்குள் தண்ணீர் புகுந்துவிடும். எனவே புகையை வெளியே விடாமல், என்ஜின் காற்றை உறிஞ்சும் பாதைக்கே திருப்பிவிடும் ஏற்பாடு உருவாயிற்று. என்ஜின் தன் மூச்சைத் தானே விழுங்கியது. போர் முடிந்ததும், கார்களைப் பொறுத்தவரை, இது பெரும்பாலும் மறக்கப்பட்டது.

அதை மீண்டும் நினைவூட்டியது ஒரு நகரத்தின் கண்ணெரிச்சல். 1943 ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரை ஒரு புகைமண்டலம் மூடியது. கண்கள் எரிந்தன, தொண்டை கரகரத்தது. அதன் மூலத்தைக் கண்டவர் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு நாட்டு வேதியியலார். எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனைத் தோற்றுவிக்கின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். அப்படியானால் குற்றவாளி காரின் புகைபோக்கியே என்று எல்லோரும் அதையே நோக்கினர். ஆனால் பெட்ரோல் காரின் பிஸ்டனைத் தாண்டிக் கசிவதில் பெரும்பகுதி எரியாத பெட்ரோல்-காற்றுக் கலவையே. கட்டுப்பாடில்லாத காரின் ஹைட்ரோகார்பன் கழிவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, யாரும் கவனிக்காத இந்த மூச்சுக்குழாய் வழியே போய்க்கொண்டிருந்தது!

தீர்வு கையில் இருந்தது. 1961-ஆம் ஆண்டு மாடல் முதல் கலிபோர்னியாவில் விற்கும் புதிய கார்களில் உறைப்புகையை உறிஞ்சுபாதைக்குத் திருப்பும் வால்வு பொருத்தப்பட்டது. சில டாலர் விலையுள்ள சிறு பொருள். என்ஜின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது உறிஞ்சுபாதையில் வெற்றிடம் மிகுதி, கசிவு குறைவு. அப்போது வால்வு ஒடுங்குகிறது. சுமை ஏறினால் வெற்றிடம் குறையும், கசிவு கூடும். வால்வு அகலத் திறக்கிறது. நாடு முழுவதற்கும் அது 1963 மாடலில்தான் வந்தது. இந்த இரண்டாண்டு இடைவெளி தற்செயலானதல்ல என்று கருதிய அமெரிக்க நீதித்துறை, மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனங்களைத் தாமதிக்கத் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டதாகப் பெரிய கார் நிறுவனங்கள்மீது 1969-இல் வழக்குத் தொடுத்தது. விசாரணை நடக்காமல் அதே ஆண்டில் சமரச ஆணையோடு அது முடிந்தது. விசாரணை நடந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

டீசல் என்ஜினில் கதை வேறு. பெட்ரோல் என்ஜினின் உறிஞ்சுபாதையில் காற்றை நெரிக்கும் தடுக்கு உண்டு; வெற்றிடம் அதனால்தான் பிறக்கிறது. டீசலில் பொதுவாக அந்தத் தடுக்கு இல்லை. எனவே அந்தச் சிறு வால்வை இயக்க விசையில்லை. மேலும் டீசல் சிலிண்டரில் அழுத்தப்படுவது வெறும் காற்று. எரிபொருள் கடைசி நேரத்தில்தான் தெளிக்கப்படுகிறது. ஆகவே கசிவில் ஹைட்ரோகார்பன் குறைவு. சட்டங்கள் டீசலை நெடுநாள் விட்டுவைத்தன.

டர்போ வந்ததும் சிக்கல் முற்றியது. கழிவு வாயுவால் சுழலும் சக்கரம், அதே தண்டின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரத்தைச் சுழற்றிக் காற்றை அழுத்தி என்ஜினுக்கு ஊட்டுகிறது. ஊட்டம் கூடினால் சிலிண்டர் அழுத்தமும் கசிவும் கூடும். டர்போத் தண்டின் இருபுறத்திலிருந்தும் நழுவும் வாயு, எண்ணெய் திரும்பும் குழாய் வழியே உறைக்குள்தான் இறங்குகிறது. இந்தப் புகையை டர்போவுக்கு அப்பால் இணைக்க முடியாது; அங்கே அழுத்தம் மிகுதி. காற்று வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடையில் மட்டுமே சற்று உறிஞ்சல் உண்டு. அங்கே இணைத்தால் எண்ணெய்த் துளிகள் டர்போவின் சக்கரத்திலும், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் உள்சுவரிலும் படலமாகப் படியும்.

ஆபத்து அதோடு நிற்பதில்லை. டீசல் என்ஜினுக்கு எண்ணெயும் எரிபொருள்தான்! பிரிட்டனின் லேண்ட் ரோவர் நான்கு சக்கர இயக்க வண்டிகளில் 1986-இல் 2.5 லிட்டர், 85 குதிரைத்திறன் டர்போ டீசல் வந்தது. ஓடி ஓடிப் பழையதானபோது அதன் மூச்சமைப்பு எண்ணெயால் அடைபட்டு, மிகுந்த எண்ணெய் காற்று வடிகட்டிக்குள் தள்ளப்படுவது பலருக்கும் நேர்ந்தது. மிக மோசமான நிலையில் என்ஜின் தன் எண்ணெயைத் தானே குடித்து வெறிகொண்டு ஓடும். வேகம் கூடக் கூடக் கசிவு கூடும்; கசிவு கூடக் கூட எண்ணெய் கூடும். சாவியைத் திருப்பினால் டீசல்தான் நிற்கும், என்ஜின் நிற்காது. எண்ணெய் தீரும்வரை, அல்லது ஏதாவது உடையும்வரை ஓடும். காற்றை அடைக்க வேண்டும். இல்லையேல் பிரேக்கை அழுத்தியபடி உச்ச கியரில் போட்டுக் கிளட்சை விட்டு மூச்சுத் திணறடிக்க வேண்டும். அந்த நேரத்தில் காற்றுப்பாதையைக் கையால் பொத்த முயல்வது பெரும் ஆபத்து.

வெளியே விட்டால் போகிறது என்று பலர் குழாயைக் கழற்றி வண்டியின் அடிச்சட்டத்தில் கட்டினார்கள். டாங்கிகளின் பழைய பிரச்சினை அங்கே காத்திருந்தது. என்ஜின் ஓடும்வரை குழாய் முனை நீருக்குள் குமிழிவிடும். நடு ஆற்றில் நின்றுவிட்டாலோ உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும், ஆற்றுநீர் உள்ளே ஏறும். முனையை உயரே கொண்டுபோனால் இது தீரும். அப்போதும் குழாயில் எங்கும் பள்ளம் விழக் கூடாது. பள்ளத்தில் நீராவி குளிர்ந்து எண்ணெயோடு கலந்து வெண்மோர் போலத் தேங்கும். குளிர்நாடுகளில் உறைந்து அடைக்கும்.

துளியை வாயுவிலிருந்து பிரிப்பதே சரியான வழி. 1989-இல் அதே நிறுவனம் கொண்டுவந்த அடுத்த டர்போ டீசலில் மூச்சுவாயுவைச் சுழலவிடும் சிறு கூடு இருந்தது. மோரைச் சிலுப்பும்போது துளிகள் பானையின் சுவரில் தெறிப்பதில்லையா? அப்படியே கனமான துளிகள் சுழற்சியின் வளைவில் திரும்ப முடியாமல் சுவரில் மோதி, வழிந்து உறைக்குத் திரும்புகின்றன. மிக நுண்ணிய துளிகள் மட்டும் வாயுவோடு வளைந்து தப்பிவிடும்; அவற்றைப் பிடிக்க நார் வடிகட்டி வேண்டும். இப்போது பலரும் தாமே வாங்கிப் பொருத்தும் எண்ணெய்ப்பிடி டப்பாக்களில் நல்லவை இத்தகையவை. உள்ளே எதுவுமில்லாத வெறும் டப்பாவால் பெரும் பயன் இல்லை.

அமெரிக்காவில் கனரக டர்போ டீசல்களுக்கு இருந்த விலக்கு, 2001-இல் வெளியான விதியின்படி 2007 மாடலோடு முடிந்தது. அந்த வாயுவை மூடிய சுற்றில் விட வேண்டும். வெளியே விட்டால் புகைபோக்கிக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டர்போவும் இன்டர்கூலரும் கெடும் என்ற பழைய வாதத்துக்கு, நல்ல பிரிப்பான்கள் பதிலாகிவிட்டிருந்தன. அந்த வடிகட்டிகளையும் உரிய காலத்தில் மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் அவையே அடைபட்டு, எண்ணெய்க் கோல் மீண்டும் துள்ளத் தொடங்கும்.