கஞ்சாக் களமும் கணக்கேடும்

மதுவின் தீமையைப் பற்றியும் ஏனைய போதைப் பொருள்களின் கேட்டைப் பற்றியும் நம்மவர் மேடைகளில் முழங்குவது புதிதன்று. ஆயினும், அப்பொருள்கள் எங்கே விளைந்தன, எவர் கையால் பக்குவம் செய்யப்பட்டன, எவர் பெட்டிக்குப் பணம் சேர்த்தன, எவர் தலையில் பழியை ஏற்றின என்னும் சரித்திரத்தை ஆராய்ந்து பேசுவோர் மிகச் சிலரே. சரித்திரம் அறியாத கண்டனம், நெல்லையும் பதரையும் ஒன்றாகவே குப்பையில் கொட்டுவது போன்றதாகும். ஆகவே கஞ்சா என்னும் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, அது களத்தில் உலர்ந்ததும் கணக்கேட்டில் ஏறியதுமாகிய கதையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அதனைப் புகழ்வது நம் நோக்கமன்று. வெறும் வசை பாடுவதும் நம் நோக்கமன்று.

வடவங்காளத்தில் ராஜ்ஷாஹி ஜில்லாவைச் சேர்ந்த நவகாவ் என்னும் ஊரும் அதனைச் சூழ்ந்த கிராமங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கஞ்சா மகால் எனப் பெயர் பெற்றிருந்தன. இன்று அவ்வூர் வங்காளதேசத்தில் உள்ளது. அக்காலத்தில் சர்க்காரின் அனுமதிச் சீட்டுப் பெற்ற குடியானவரே அங்குக் கஞ்சா பயிரிடலாம். பயிரின் பரப்பும் விளைச்சலின் எடையும் ஏட்டில் ஏறும். 1877 ஆம் ஆண்டில் ஹேமச்சந்திர கெர் என்னும் டெபுடி கலெக்டர் இப்பயிரையும் அதன் வியாபாரத்தையும் நேரிற் கண்டு விரிவான அறிக்கை ஒன்று எழுதினார். பின்னர் 1893 இல் டேவிட் பிரெய்ன் என்னும் தாவர சாஸ்திரியாரும் ஆராய்ந்து எழுதினார். இவ்விருவர் ஆராய்ச்சியினாலும் அடுத்து வந்த கமிஷனின் விசாரணையினாலும், எழுத்தறியாத குடியானவர் கைத்தொழில் ஒன்று எவ்வளவு நுட்பமுடையது என்பது உலகிற்குத் தெரியவந்தது.

ஆவணி மாதத்தையொட்டி நாற்றங்காலில் விதை தெளிப்பர். அடுத்த மாதம் மேட்டு நிலத்தில் நாற்றைப் பிடுங்கி நடுவர். கார்த்திகை அளவில் செடியின் பால் வேறுபாடு தெரியத் தொடங்கும். கஞ்சாச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் செடியின் மகரந்தம் காற்றிற் பறந்து பெண் பூவிற் படுமாயின், அப்பூ விதை பிடித்துவிடும், பிசின் குன்றிப்போகும். ஆதலால் ஆண் செடி மலருமுன் அதனைக் கண்டறிந்து வேரோடு களைதல் வேண்டும். இதற்கென்றே போத்தார் எனப்படும் கைதேர்ந்தவர் இருந்தனர். அவர்களை ஆங்கிலேயர் வேடிக்கையாகக் கஞ்சா டாக்டர் என்றும் அழைத்தனர். பள்ளிக்கூடத்துத் தாவர நூலைக் கண்டிராத அம்மனிதர், வயலினூடே நடந்து செல்லும்போதே ஆண் பெண் பிரித்தறிந்தனர். அவர் கண் ஒன்று தவறினால் பக்கத்து வயலும் கெடும்.

மாசி பங்குனி மாதங்களில் அறுவடை நிகழும். அறுத்த செடியை அப்படியே விற்றல் இயலாது. பச்சைச் செடியின் எடையிற் பெரும்பங்கு நீரேயாகும். ஈரத்தோடு கட்டிவைத்தால் பூசணம் பூத்து வெந்துபோகும். கடும் வெயிலில் அவசரமாய்க் காய்ச்சினாலோ பூந்தலை நொறுங்கி, பிசின் நிறைந்த நுண்ணிய பகுதி தூளாய் உதிர்ந்துவிடும். இவ்விரு கேட்டிற்கும் நடுவே வழி காண்பதுதான் களத்து வேலை. பகலில் வெயிலும் இரவில் பனியும் படும்படி செடிகளைப் பரப்புவர். மறுநாள் தரம் பிரித்து, பூவற்ற தண்டை வெட்டி எறிவர். பின்னர்ப் பாயின்மேல் பூந்தலைகள் உள்நோக்குமாறு வட்டமாக அடுக்குவர். ஆட்கள் அவ்வட்டத்தின்மேல் ஏறி, ஒரு காலால் கிளையைப் பிடித்து மற்றொரு காலால் பூந்தலையை அழுத்தி மிதித்துச் சுற்றி வருவர். ஒரு வரிசை மிதிபட்டதும் அதன்மேல் மற்றொரு வரிசை அடுக்கப்படும். இடையிடையே கட்டுகளை உதறித் தட்டி, வேண்டாத இலையையும் விதையையும் நீக்குவர், மீண்டும் வெயிலிற் காட்டுவர், மீண்டும் மிதிப்பர். பிசின் ஒட்டிப் பூந்தலை தட்டையாகிப் பலகை போல் இறுகும். இதற்குத் தட்டைக் கஞ்சா என்று பெயர். உருட்டுக் கஞ்சா செய்வதற்கோ, குறுக்கே கட்டிய மூங்கிலைக் கையாற் பற்றிக்கொண்டு வரிசையாக நின்று, சிறு கட்டுகளைப் பாதத்தின் கீழ் உருட்டுவர். இவ்விரண்டிலும் உடைந்து சிதறிய பூந்துணுக்கு சூர் எனப்படும்.

இக்கால ரசாயன நூல் இதற்குக் காரணம் கூறுகின்றது. பச்சைச் செடியில் மயக்கம் தரும் பொருள் அமில வடிவில் அடங்கியிருக்கின்றது. அவ்வடிவில் அதற்கு மயக்கும் ஆற்றல் இல்லை. உலர்தலாற் சிறிதும் நெருப்பின் அனலாற் பெரும்பாலும் அவ்வமிலத்தினின்று கரியமிலவாயு பிரிந்த பின்னரே அது மயக்கும் பொருளாகின்றது. காற்றும் ஒளியும் நெடுநாட் பட்டால் அம்மயக்கும் பொருள் கன்னபினால் என்னும் வலி குறைந்த வேறொரு பொருளாக மாறிவிடுகின்றது. கன்னபினாலை 1896 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சாஸ்திரிகள் பிரித்தெடுத்தனர். உண்மையான மயக்கப் பொருளை இஸ்ரேல் நாட்டில் கவோனி, மெக்கூலம் என்னும் இருவர் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டதோ 1964 ஆம் ஆண்டிலேயாம். பிசினைக் காக்க மிதித்து இறுக்க வேண்டும் என்பதையும், நாட்பட்ட கஞ்சா வலியிழக்கும் என்பதையும் நவகாவ்க் குடியானவர் அதற்கு மிக முன்னரே அறிந்திருந்தனர். அறிவு ஆய்வுக்கூடத்தில் மட்டும் பிறப்பதன்று, களத்திலும் பிறக்கும்.

இனிக் கணக்கேட்டின் பக்கம் திரும்புவோம். களத்தில் மூவகையாய்ப் பிரிந்த சரக்கிற்குச் சர்க்கார் மூவகையாய்த் தீர்வை விதித்தது. தண்டு மிகுதியாயுள்ள தட்டைக் கஞ்சாவிற்குக் குறைந்த தீர்வை. உருட்டிற்கு அதனினும் மேல். தண்டேயில்லாத சூருக்கு எல்லாவற்றினும் மேல். பயிரிட்டவன் தன் சரக்கை நினைத்த இடத்தில் விற்க இயலாது. அது நவகாவ்க் கிடங்கிற்கு வந்து எடை போடப்பட்டு, லைசென்சு பெற்ற வியாபாரிக்கே செல்ல வேண்டும். சேற்றில் நின்று நட்டவனுக்கும் களத்தில் மிதித்தவனுக்கும் கிடைத்தது சிறு கூலி. சர்க்காரின் கஜானாவிற்குக் கிடைத்ததோ ஆண்டுதோறும் வற்றாத வரவு. போதைப் பொருள் பாவமானது என்று உபதேசித்த நாகரிகமே அதன் எடைக்கல்லைத் தன் கையில் வைத்திருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இம்முரண்பாடு இங்கிலாந்தின் மதுவிலக்குவாதிகள் கண்ணிலும் பட்டது. 1893 ஆம் ஆண்டில் டபிள்யூ. எஸ். கெய்ன் என்னும் அங்கத்தினர் பார்லிமெண்டில் இதைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். அதன் விளைவாக இந்திய சர்க்கார் ஏழு அங்கத்தினர் கொண்ட கமிஷன் ஒன்றை நியமித்தது. மாக்வொர்த் யங் என்பார் தலைவர். இந்தியர் மூவரும் இடம்பெற்றனர். கமிஷனார் இந்தியா முழுதும் சுற்றி 1193 சாட்சிகளை விசாரித்து, 1894 இல் பல தொகுதிகளில் அறிக்கை வெளியிட்டனர். மிதமான உபயோகத்தால் பெருந்தீங்கு விளைவதாகக் காணோம், மிகுதியான உபயோகமோ தீங்கானது, முற்றிலும் தடுப்பது தேவையுமன்று, தகுந்ததுமன்று, தீர்வையாலும் லைசென்சாலும் கட்டுப்படுத்தலே தகும் என்பது அவர்தம் முடிவின் சாரம். இந்திய அங்கத்தினருள் இருவர் மாறுபட்டுத் தனிக் குறிப்பு எழுதினர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. தீர்வையை வாங்கும் கையே கமிஷனையும் நியமித்தது ஆதலின், அதன் முடிவை வேதவாக்காகக் கொள்ளுமாறு நாம் கூறவில்லை.

ஆயின் அக்கமிஷன் செய்த ஒரு வேலை எக்காலத்திற்கும் பாடமாக விளங்குகின்றது. கஞ்சா பைத்தியம் உண்டாக்கும் என்பதற்கு அந்நாளில் எல்லோரும் காட்டிய சான்று பைத்திய ஆஸ்பத்திரிகளின் கணக்கு. கமிஷனார் அக்கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. 1892 ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட 1344 பேரின் காகிதங்களையும் அடி வரை துருவினர். நோயின் காரணம் என்னும் கட்டத்தை நிரப்பியவர் யார்? பெரும்பாலும் வைத்தியர் அல்லர். நோயாளியை வீதியிலிருந்து பிடித்து வந்த போலீசாரே. உற்றார் இன்னார் என்று தெரியாத, பேச்சுத் தெளிவில்லாத ஏழையைக் கொண்டுவரும்போது காரணத்தைக் காலியாக விடுதல் கூடாது. ஆகவே கஞ்சா என்று எழுதினர். ஆஸ்பத்திரி எழுத்தர் அதனைப் பேரேட்டிற் பகர்த்தினார். மேலதிகாரி அதனைக் கூட்டி ஆண்டறிக்கையில் அச்சிட்டார். அச்சேறிய எண்ணைக் கண்டோர் இதுவன்றோ சாஸ்திரம் என்றனர். கமிஷனார் ஒவ்வொன்றாய் ஆராய்ந்தபின், கஞ்சா முதலியவற்றோடு நியாயமாகச் சம்பந்தப்படுத்தத்தக்கவை 98 மட்டுமே என்று கண்டனர். அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு.

தோட்டத்துக் கிராணிகளாகிய நமக்கு இது வியப்பளிப்பதன்று. ஒரு பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாயிருப்பதை மேலிடம் பொறுப்பதில்லை என்பதும், காரணம் தெரியாதபோது வழக்கமான காரணம் ஒன்று தானே வந்து அக்கட்டத்தில் அமர்ந்துகொள்ளும் என்பதும் நாம் நாள்தோறும் அறிவதேயாம். வேலைக்கு வராதவனுக்குச் சோம்பல் என்றும், நோயுற்றவனுக்குக் குடி என்றும் எழுதிவிடுதல் எளிது. பேனா பிடித்தவனுக்கு அது ஒரு சொல். எழுதப்பட்டவனுக்கோ அது வாழ்நாள் முழுதும் ஒட்டிய முத்திரை.

இம்முத்திரை கடல் கடந்தும் சென்றது. 1860 ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தினின்று ட்ரூரோ என்னும் கப்பலில் நேட்டால் நாட்டிற்கு முதல் ஒப்பந்தத் தொழிலாளர் சென்றனர். அவருள் தமிழர் பலர். பத்தே ஆண்டுகளில், 1870 இல், அந்நாட்டுச் சர்க்கார் இந்தியக் கூலிகள் கஞ்சா புகைத்தலையும் வைத்திருத்தலையும் தடுத்துச் சட்டம் இயற்றியது. தொழிலாளியின் நலனில் இரக்கம் கொண்டோ இச்சட்டம் பிறந்தது? கரும்பு வெட்டும் கை தளரலாகாது என்னும் கவலையே அதனுள் மிகுதி. ஜமெய்க்காத் தீவிற்கு 1845 முதல் இந்தியர் சென்றனர். அத்தீவினர் அச்செடிக்கு இன்றும் வழங்கும் பெயர் நம்மவர் கொண்டுசென்ற கஞ்சா என்னும் பெயரே. சென்னை மாகாணத்திலும் வட ஆற்காட்டு ஜவ்வாது மலைக் குடிகளும், கிருஷ்ணா ஜில்லாவின் சில கிராமத்தாரும் அதனைப் பயிரிட்டதைக் கமிஷனார் குறித்துள்ளனர். ஆதலால் இது எவரோ வங்காளியரின் கதையென்று நாம் ஒதுங்குதல் இயலாது.

நவகாவ்க் குடியானவர் என்னவாயினர்? 1917 ஆம் ஆண்டில் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை நிறுவிக்கொண்டனர். இடைத்தரகரிடமிருந்து விடுபட்டுத் தம் சரக்கைத் தாமே சேர்த்து விற்றனர்; வந்த லாபத்தில் பள்ளிகளுக்கும் மருத்துவ நிலையங்களுக்கும் உதவினர். இதற்குள் உலகத்தின் போக்கு மாறிற்று. 1925 ஆம் ஆண்டின் ஜினீவா உடன்படிக்கை கஞ்சாவைச் சர்வதேசக் கட்டுப்பாட்டிற்குள் கொணர்ந்தது. 1961 ஆம் ஆண்டின் உடன்படிக்கை அக்கட்டை மேலும் இறுக்கியது. இந்தியா 1985 இல் கடுஞ்சட்டம் செய்தது. வங்காளதேசம் 1987 இல் அப்பயிரையே தடுத்தது. தலைமுறை தலைமுறையாய்ச் சர்க்காருக்கு வரி கட்டி, சர்க்காரின் முத்திரையோடு பயிரிட்டவரின் தொழில், அதே முத்திரையால் குற்றமாயிற்று. வரி வாங்கிய காலத்தில் எவரும் அவரைத் திருத்தவில்லை. தடுத்த காலத்தில் எவரும் அவர்க்கு மாற்று வழி வகுத்ததாகவும் தெரியவில்லை.

நம் மலாயாவின் சரித்திரத்திலும் இக்கதையின் சாயல் உண்டு. தோட்டத்து எல்லைக்குள்ளேயே கள்ளுக்கடையை வைத்து, கூலி கொடுத்த கையாலேயே அக்கூலியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பின்னர்த் தமிழன் குடிகாரன் என்று ஏட்டில் எழுதிய காலம் ஒன்றிருந்தது. அவ்வெழுத்தைத் தொழிலாளரே மறுத்தனர். 1941 ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கையாய் இருந்தது. குடியில் மூழ்கிய கூட்டம் என்று எவரைக் குறித்தனரோ, அவரே கடையை மூடு என்றனர். இதனினும் சிறந்த மறுப்பு வேறென்ன வேண்டும்?

போதையை நாம் ஆதரிக்கவில்லை. அது ஏழையின் கூலியையும் நேரத்தையும் தின்பது என்பதில் நமக்கு ஐயமில்லை. நாட்டின் சட்டமும் அதனைக் கடுமையாகத் தடுக்கின்றது. ஆயினும் சீர்திருத்தம் விரும்புவோர் மூன்று வினாக்களைக் கேளாமல் மேடையேறலாகாது. இப்பொருளால் லாபம் அடைந்தவர் யார்? இதன் பழியைச் சுமந்தவர் யார்? அப்பழியை ஏட்டில் எழுதியவர் கண்ணாற் கண்டு எழுதினரா, கட்டம் காலியாயிருந்தமையால் எழுதினரா? இவ்வினாக்களுக்கு விடை தேடாத சீர்திருத்தம், துன்புற்றவனையே மீண்டும் ஒருமுறை மிதிப்பதாய் முடியும். நம் இளைஞர் படிக்கட்டும். கணக்கேடுகளை அடி வரை துருவட்டும். பேனா தம் கைக்கு வரும்போது, தெரியாததைத் தெரியாது என்று எழுதும் துணிவையும் பெறட்டும்.